கேஸ் நாற்பத்தொன்று, இடப்பக்கம்

வெளியே நூற்றெட்டு.
பாகாயம் பஸ்ஸில் கம்பியைத் தொட்டால் கை சிவக்கும்.
உள்ளே குளிர்பெட்டியில் மைனஸ் எண்பது.
கரண்ட் போனால் நான் முதலில் பார்ப்பது
மின்விசிறியை அல்ல, பெட்டி மேல் மின்னும் பச்சை எண்ணை.
எழுபத்தெட்டு. எழுபத்தேழு.
ஜெனரேட்டர் இருமி எழும்வரை
நாற்பத்தொரு பேர் மூளைக்காக
மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

ஆளுக்குப் பாதி குளிரில், பாதி ஃபார்மலினில்.
இன்று என் மேசையில் ஃபார்மலின் பாதி,
கேஸ் நாற்பத்தொன்று.
பெயர் எனக்குத் தெரிந்திருக்கக் கூடாது.
ஆனால் அவர் மனைவி கையெழுத்துப் போட வந்த அன்று
பேனா எழுதவில்லை;
என்னுடையதைக் கொடுத்தேன்.
ஏகாம்பரம். லத்தேரிப் பக்கம் ரயில்வே கேட்.
முப்பத்தோரு வருஷம்
வலக்கையில் பச்சைக்கொடி.
நடுக்கமும் அந்தக் கையில்தான் தொடங்கியிருக்கிறது.

நடுமூளையில் ஒரு கருப்புப் பட்டை,
மை இழுத்ததுபோல் எல்லாருக்கும் உண்டு.
இவருக்கு யாரோ
ஈரத்துணியால் துடைத்திருக்கிறார்கள்.

கருமைக்குள் பழுப்பு தெரியாதென்று
சிவப்புச் சாயம் போட்டோம்.
மைக்ரோகிளியா சிவப்பில் எழுந்தன.
சும்மா இருக்கும்போது அவை
பாலாற்றில் நிற்கும் வேலிக்காத்தான் மாதிரி:
சின்ன உடம்பு, எல்லாத் திசைக்கும் கிளை.
காவல் அதன் பேரிலேயே இருக்கிறது.
இங்கே கிளைகளை உள்ளிழுத்து
உருண்டு திரண்டிருக்கின்றன.
வயிற்றில் கரும்பொடி.

இவாஞ்சலின் மேடம் சொல்வார்:
வேலியே பயிரை மேய்கிறது.
அதை நிரூபிக்கத்தான் மூன்று வருஷப் பணம்.

மாசியில் பாலாற்று மணலில் மயானக் கொள்ளை.
என் அண்ணன் லோகுதான் எங்கள் தெருக் காளி.
எலும்பைப் பல்லில் கவ்விக்கொண்டு ஆடுவான்,
பிள்ளைகள் அலறும்.
ராணிப்பேட்டையில் வெல்டர் அவன்,
கொசுவைக்கூட ஊதித்தான் விரட்டுவான்.
மறுநாள் வயிற்றுக்கு ஆகாமல் ரசம் சோறு.
வாயில் எலும்பு இருக்கிறது என்பதற்காக
கொலை என்று எழுதிவிட முடியுமா?

எழுதவும் மாட்டேன், மறுக்கவும் மாட்டேன்.
ஏனென்றால் எழுபத்திரண்டாம் கட்டத்தில்
இன்னும் கருமை குறையாத ஒரு நரம்புச் செல்,
நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும்,
அதைச் சுற்றி நாலு பேர்.
தூக்கிவிட வந்தார்களா, தள்ளிவிட வந்தார்களா?
கண்ணாடித் துண்டில் காலம் கிடையாது.
ரயில் படத்தைக் காட்டி
வருகிறதா போகிறதா என்றால்
யார் சொல்வது?

வெள்ளிக்கிழமை பூங்காவனம்மாள் போன் செய்தார்.
'அவரோடதுல ஏதாச்சும் தெரிஞ்சுதாம்மா?'
சொல்லக் கூடாது, விதி.
சொல்லவும் ஒன்றுமில்லை.
'பாத்துக்கிட்டிருக்கோம்மா.'

'ரிட்டயராகி வூட்ல உக்காந்திருக்கப்போ கை ஆடும்.
பாருடி, ட்ரெயினே இல்ல, கொடி ஆடுதுன்னு சிரிப்பாரு.'
அடுப்பில் ஏதோ பொங்கியிருக்க வேண்டும்,
போய்விட்டு வந்தார்.
'ஆனா தூங்கறப்ப மட்டும் கை நின்னுடும்மா.
அப்ப அதுங்களும் தூங்கிடுமா?'

எதுங்க என்று நான் கேட்கவில்லை.
கையெழுத்துக்கு முன்னால்
மேடம் படம் போட்டு விளக்கியிருந்தார்.
சிவப்புப் பேனாவால் நாலு சிலந்தி வரைந்து.

எலிகள் தூங்கும்போதுதான்
அவை கிளை நீட்டி அலைகின்றன என்று
எங்கோ படித்த ஞாபகம்.
கைக்கு ஓய்வு, காவலுக்கு வேலை.
அதையும் சொல்லவில்லை.
'தெரியலம்மா' என்றேன்.
'சரி கண்ணு, தெரிஞ்சா சொல்லு' என்று வைத்துவிட்டார்.

எண்ணிக்கைத் தாளில்
'குறிப்பு' என்றொரு பத்தி,
எப்போதும் காலியாகவே போகும்.
எழுபத்திரண்டுக்கு எதிரே
பென்சிலால் எழுதினேன்: தூங்குமா?

திங்களன்று தாள் திரும்பி வந்தது.
மேடம் அடித்துவிடவில்லை.
கீழே சிவப்பில் ஒரு வரி:
எந்த நேரத்தில் இறந்தார், விசாரிக்கவும்.